பரணில் கிடக்கும் கணக்கு யந்திரங்கள்

நாகர்கோவில் நகரின் நடுவே நிற்கும் மணிமேடையை அறியாதார் நமது ஜில்லாவில் இலர். 1893-ம் வருஷம், ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில் எழுந்தது அது. சங்கிலியில் தொங்கும் எடை மெல்ல மெல்லக் கீழே இறங்க, பல்லோடு பல் கவ்விய சக்கரங்கள் சுழன்று முள்ளை நகர்த்தும்படி அமைந்தது அதன் பொறி. ஒரு சக்கரம் தன் சுற்றை முடித்ததும் அடுத்த சக்கரம் சிறிதளவு நகர்கிறது. அறுபது நிமிஷம் சேர்ந்து ஒரு மணியாகிறது. இதே தத்துவத்தை அறுபதுக்குப் பதிலாகப் பத்துக்குப் பொருத்திவிட்டால் கணக்கு யந்திரம் பிறந்துவிடும். ஒன்றாம் ஸ்தானச் சக்கரம் ஒன்பதைத் தாண்டியவுடன் பத்தாம் ஸ்தானச் சக்கரம் ஒரு பல் நகர வேண்டும். அதுவே அதன் உயிர். மணிப் பொறியும் கணக்குப் பொறியும் உடன்பிறந்தவை என்று கூறினால் அது மிகையாகாது.

ஆனால் மூத்ததற்கு நகரின் நடுவே மேடை கிடைத்தது. இளையதற்குக் கிடைத்தது பரண். கைப்பிடியைச் சுற்றிக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் பயன்பட்ட இரும்பு யந்திரங்கள் ஒரு காலத்தில் பாங்கிகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், மராமத்துக் காரியாலயங்களிலும், கல்லூரிகளின் புள்ளிவிவரப் பரிசோதனைச் சாலைகளிலும் மேஜை மேல் வீற்றிருந்தன. 1970-ம் வருஷங்களில் மின்னணுக் கருவிகள் வந்து அவற்றை இறக்கிவிட்டன. அதன் பின் அவை எங்கே போயின என்று கேட்பாரில்லை. பழைய சாமான் ஏலத்தில் எடைக்குப் போனவை பல. இன்னும் எஞ்சியவை ஏதோ ஓர் அலமாரிக்கு அடியில் துருவேறிக் கிடக்கக்கூடும். அவற்றைத் தேடி எடுத்து, அவற்றின் சரித்திரத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே இன்று நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். யந்திரத்தைக் காப்பது பாதி வேலைதான். அதைக் கையாண்டவரின் வாய்மொழியைக் காப்பதே மற்றைப் பாதி. முந்தியதைவிட அவசரமானதும் அதுவே.

இதற்கு உலக சரித்திரத்திலேயே சான்றுகள் இருக்கின்றன. 1623-ம் வருஷத்தில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் என்பவர் ஒரு கணக்குக் கடிகாரத்தை அமைத்து, வான சாஸ்திரியான கெப்ளருக்குக் கடிதம் எழுதினார். கெப்ளருக்கென்று செய்யப்பட்டு வந்த மற்றொரு யந்திரம் தீயில் எரிந்தது. ஷிக்கார்டின் பெயரையே உலகம் மறந்தது. 1642-ல் பிரான்ஸ் தேசத்து இளைஞர் பாஸ்கல் கட்டிய யந்திரமே முதலாவது என்று மூன்று நூற்றாண்டுக் காலம் எல்லோரும் நம்பியிருந்தனர். 1957-ல் கெப்ளரின் பழங் கடிதங்களை ஆராய்ந்த அறிஞர் ஒருவர் ஷிக்கார்டின் கடிதத்தையும் படத்தையும் உலகுக்கு எடுத்துக் காட்டினார். அவற்றை வைத்துக்கொண்டு 1960-ல் அந்த யந்திரம் மீண்டும் செய்யப்பட்டது. யந்திரம் அழிந்தும் காகிதம் அதைக் காப்பாற்றியது.

லைப்னிட்ஸ் என்ற மகா மேதையின் கதை வேறு விதமானது. பெருக்கலும் வகுத்தலும் செய்யக் கூடிய பொறியை அவர் அமைத்தார். அவர் காலத்துக்குப் பின் அது கெட்டிங்கன் சர்வகலாசாலைக் கட்டடத்தின் பரணில் போய்ச் சேர்ந்து, கேட்பாரற்றுக் கிடந்து, 1879-ல்தான் மீண்டும் கண்ணில் பட்டது. லண்டனில் பாபேஜ் என்பார் தாம் வரைந்த பெரிய கணக்கு யந்திரத்தைத் தம் வாழ்நாளில் கட்டி முடிக்கவில்லை. ஆயினும் அவருடைய படங்கள் பத்திரமாக இருந்தன. அவர் பிறந்து இருநூறு வருஷம் நிறைந்த 1991-ல் லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலையார் அப்படங்களின்படியே கட்டிச் சுழற்றிக் காட்டினார்கள். கணக்குப் பிழையின்றி வந்தது. எழுதி வைத்தவன் செத்தும் வாழ்கிறான் என்பதற்கு இவற்றைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

மேனாட்டாரின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமது நாட்டின் கதையையே கூறுவோம். 1825-ம் வருஷத்தில் வாரன் என்ற ராணுவ அதிகாரி சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியிலிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வாய்பாடுகளை மனப்பாடமாகவே சொல்லி, அவ்வருஷத்துச் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததை வாரன் அதில் பதிந்துள்ளார். அக்கணக்கருக்குக் காகிதமோ பேனாவோ தேவைப்படவில்லை. கிரகணம் தொடங்கும் வேளையை அவர் கூறியதற்கும் பிற்கால விஞ்ஞானக் கணக்குக்கும் சில நிமிஷங்களே வித்தியாசம். நடு வேளையிலும் முடிவிலும் வித்தியாசம் சற்று மிகுதி. 1952-ல் நயிகெபவர் என்ற சரித்திர ஆசிரியர் இதை ஆராய்ந்து, தமிழரின் வான கணித முறையை உலகறியச் செய்தார். அந்தச் சோழிகள் இன்று எங்கே என்று ஒருவரும் அறியார். கேட்டு எழுதிக்கொண்ட ஓர் அந்நியரால் அவர் கணித்த முறை மட்டும் அழியாமல் நின்றது. அவ்வாறு கேட்டு எழுத நம்மவர்களில் ஒருவர் முன்வரவில்லையே என்று நாம் நாணத்தான் வேண்டும்.

நாஞ்சில் நாட்டார் கணக்குக்குப் புதியவர்கள் அல்லர். திருவிதாங்கூர் அரசில் 'கணக்கு' என்பதே மரியாதைப் பட்டமாக வழங்கியது. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் முந்திரி, காணி, மாகாணி, அரைக்கால் என்று பின்னங்களை வாயாற் சொல்லிப் பழகிய தலைமுறை இங்கே வாழ்ந்தது. நெல்லை மரக்காலாலும் கோட்டையாலும் அளந்தார்கள். பணத்தையோ வேறொரு முறையில் எண்ணினார்கள். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், திருவிதாங்கூர்க் கணக்கில் ஒரு ரூபாய். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் அடி வைத்தால் பதினாறு அணா ஒரு ரூபாய். அந்தப் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இங்கே இருபத்தெட்டரைச் சக்கரம். கோட்டாற்றுச் சந்தை வியாபாரி இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைக் கவனிக்க வேண்டுகிறோம். ஐரோப்பாவில் செய்யப்பட்ட கைச்சுற்று யந்திரம் பெரும்பாலும் பத்துப் பத்தாகவே எண்ணும். மாகாணியை, அதாவது பதினாறில் ஒன்றை, அதில் ஏற்றினால் 0.0625 என்று நான்கே ஸ்தானங்களில் முடிந்துவிடும். அணாவும் ரூபாயில் மாகாணிதான். நம் முந்திரியோ முந்நூற்றிருபதில் ஒன்று; அதுவும் 0.003125 என்று ஆறு ஸ்தானங்களில் சுத்தமாக அடங்கும். ஆனால் சக்கரமோ ரூபாயில் இருபத்தெட்டில் ஒன்று. அதை ஏற்றப் போனால் 0.0357142857 என்று தொடங்கி, முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இருபத்தெட்டுக்குள் ஏழு ஒளிந்திருப்பதே அதற்குக் காரணம். யந்திரத்திலோ ஸ்தானங்களுக்கு எல்லை உண்டு. எங்கே வெட்டுவது, மிச்சக் காசை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தீர்மானிக்க வேண்டியது கைப்பிடியைச் சுற்றிய மனிதனின் பொறுப்பு. சக்கரக் கணக்கை யந்திரத்தில் ஏற்ற நேர்ந்த குமாஸ்தா எவராயினும், இதற்கு ஒரு தனி முறையைக் கைக்கொண்டே தீர வேண்டும். அந்த முறை எந்த விளக்கப் புத்தகத்திலும் இராது. அவருடைய குறிப்பேட்டில் இருக்கலாம், அல்லது நினைவில் இருக்கலாம்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1956 நவம்பர் முதல் தேதியன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. ஐந்து மாதங்கள் கழித்து, 1957 ஏப்ரல் முதல் தேதியன்று, தேசம் முழுவதும் அணாவும் பைசாவும் போய் நூறு நயா பைசா ஒரு ரூபாய் ஆயிற்று. பத்து வருஷத்துக்குள்ளாகச் சக்கரம், அணா, நயா பைசா என்ற மூன்று உலகங்களை ஒரே பேரேட்டில் கண்ட ஜனங்கள் தேசத்திலேயே சிலர்தான். அச்சிலரில் நம்மவரும் உண்டு. நம் ஜில்லாவின் விடுதலைப் போரைப் பற்றிப் பேசும் நாம், அந்த மாறுதலைப் பேரேட்டில் நடத்திக் கொடுத்த கணக்கர்களைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

யந்திரத்தை அறியாத இளைஞர்களுக்காக அதன் இயல்பைச் சுருக்கமாகக் கூறுவோம். ரஷ்யாவில் தொழில் செய்த ஓட்னர் என்ற ஸ்வீடன் தேசத்தவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த முறையே பின்னால் உலகெங்கும் பரவியது. ஜெர்மனியின் பிரன்ஸ்விகாவும், ஸ்வீடனின் பேஸிட்டும் அவ்வழியில் வந்தவை. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்பது பற்கள் ஒளிந்திருக்கின்றன. ஏழு என்று வைத்தால் ஏழு பற்கள் வெளியே நீளும். கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் அவ்வெண் கூட்டப்படும். எதிர்ப்புறம் சுற்றினால் கழிக்கப்படும். 347-ஐ 26-ஆல் பெருக்க வேண்டுமா? 347-ஐ வைத்து ஆறு முறை சுற்று; பெட்டியை ஒரு ஸ்தானம் நகர்த்து; இன்னும் இரண்டு முறை சுற்று. எட்டே சுற்றில் 9022 வந்துவிடும். வகுத்தலில் அளவுக்கு மேல் கழித்துவிட்டால் உள்ளே ஒரு மணி அடித்து எச்சரிக்கும்.

இவ்வளவும் யந்திரத்தின் திறமை. மனிதனின் திறமை வேறு. 98-ஆல் பெருக்க வேண்டியிருந்தால் பழகாதவன் எட்டும் ஒன்பதுமாகப் பதினேழு முறை சுற்றுவான். பழகியவன் நூறாம் ஸ்தானத்தில் ஒரு முறை முன்னால் சுற்றி, ஒன்றாம் ஸ்தானத்தில் இரண்டு முறை பின்னால் சுற்றி, மூன்றே சுற்றில் முடிப்பான். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கழித்துக்கொண்டு போய் வர்க்கமூலம் காணும் வித்தையும் உண்டு. நாள் முழுவதும் சுற்றுகிறவனுக்குக் கை வலிக்கும். ஆகவே சுற்றைக் குறைக்கும் உபாயம் அவனுக்குச் சொந்தச் சொத்து. சப்தத்தைக் கேட்டே பிழையை உணர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். யந்திரத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் இவற்றில் ஒன்றும் அதற்குள் இராது. நாதஸ்வரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு ராகத்தைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணுவது போலாகும்.

"இவை யாவும் அந்நிய நாட்டுச் சரக்கு, சுதேசாபிமானிகள் இவற்றுக்காக உருகுவானேன்?" என்று ஓர் ஆட்சேபம் எழலாம். கணக்கு என்பது அரசியல் ஆயுதம் என்பதை நம் முன்னோர்கள் அறிந்திருந்தனர். 1867-68-ம் வருஷத்தில் இந்தியனுடைய சராசரி வருமானம் தலைக்கு இருபது ரூபாயே என்று தாதாபாய் நௌரோஜி கணக்கிட்டுக் காட்டினார். அந்த ஓர் எண் அந்நிய ஆட்சியின் யோக்கியதையை உலகறியச் செய்தது. பின்னர் 1931-ல் கல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தில் கைச்சுற்று யந்திரங்களை வைத்துக்கொண்டு இளைஞர்கள் விளைச்சலையும் வாழ்க்கை நிலையையும் கணக்கிட்டனர். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. 1956-ல் தொடங்கிய இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அந்த ஸ்தாபனத்தின் கணக்கே அடிப்படையாயிற்று. சென்னைக்கு அருகே பெருங்குடியில் பேஸிட் பெயரிலேயே ஒரு தொழிற்சாலை எழுந்து, நம் தொழிலாளர் கைகளால் காரியாலய யந்திரங்கள் உருவாயின. இரும்பு எந்த நாட்டினதாயினும், சுற்றிய கை நம்முடையது. எண்ணப்பட்ட வறுமையும் நம்முடையது. அந்தக் கையின் சரித்திரம் தேச சரித்திரம் ஆகாதா?

"ஜனங்களுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் வேண்டியிருக்கையில் பழைய இரும்புக்குப் பணம் செலவிடலாமா?" என்பது மற்றோர் ஆட்சேபம். இது நியாயமான கேள்வி. நாம் கோருவது மாளிகையும் மானியமும் அல்ல. ஜெர்மனியில் பான் நகரத்தார் கணக்கு யந்திரங்களுக்கென்றே பெரிய காட்சிசாலை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பொறாமை கொள்ளவும் நாம் சொல்லவில்லை. ஒரு குறிப்புப் புத்தகம், ஒரு பென்சில், ஞாயிற்றுக்கிழமைகளில் சில மணி நேரம், முதியவர்களிடம் பொறுமையாகக் கேட்கும் மனம்: இவையே முதலீடு.

இவ்வாறு செய்து காட்டியவர் நமது மண்ணிலேயே இருந்தார். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் கிடந்த ஓலைகளைத் தேடிக் கண்டார். அவை காவியமல்ல, நிலம், வரி, நீர், கோயில், கொடுக்கல் வாங்கல் பற்றிய கணக்கும் ஆவணமும். மனிதரை அடிமையாக விற்ற கொடுமையும் அவற்றில் பதிவாகியிருக்கிறது. கறையான் தின்ன வேண்டிய அந்த ஓலைகளைப் பிற்காலத்தில் அறிஞர் அ.கா. பெருமாள் பதிப்பித்து வெளியிட்டார். இன்று நாஞ்சில் நாட்டின் சமூக சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவற்றைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு பள்ளி ஆசிரியர் கணக்கோலைக்குச் செய்த உபகாரத்தைக் கணக்கு யந்திரத்துக்குச் செய்ய நம்மிடையே நாலு பேர் கிடைக்க மாட்டார்களா?

செய்ய வேண்டியவற்றையும் கூறிவிடுகிறோம். முதலாவது, யந்திரம் கிடைத்தால் உடனே கைப்பிடியை வலிந்து சுற்றலாகாது. எண்ணெய் உறைந்து இறுகிய பொறியில் பல் முறிந்தால் மாற்றுப் பல் கிடைப்பது அரிது. பளபளப்பாகத் தேய்த்துப் பெயர்த் தகட்டை அழிப்பதும் தவறு. இரண்டாவது, செய்தவர் பெயர், அடியிலோ பின்புறத்திலோ வெட்டியிருக்கும் வரிசை எண், எத்தனை ஸ்தானங்கள், சாதாரணப் பத்துக் கணக்கா அல்லது நாணயக் கணக்குக்கென்று அமைந்ததா என்பவற்றைக் குறித்துப் படமும் எடுக்க வேண்டும். மூன்றாவது, அது எந்த ஊரில், எந்தக் காரியாலயத்தில், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, எந்த வேலைக்குப் பயன்பட்டது என்று விசாரித்து எழுத வேண்டும். வாங்கிய ரசீது, விளக்கப் புத்தகம், பழுது பார்த்த சீட்டு ஆகியவை குப்பையல்ல, யந்திரத்தின் ஜாதகம். நான்காவது, அதைக் கையாண்டவர் உயிரோடிருந்தால் அவர் வீட்டுக்கே யந்திரத்தைக் கொண்டுசென்று, அவர் கையில் கொடுத்து, அவர் பேசுவதையும் விரல் நகர்வதையும் பதிவு செய்ய வேண்டும். பழுது பார்த்த தொழிலாளியை மறக்கலாகாது. பொறியின் அந்தரங்கம் குமாஸ்தாவைவிட அவருக்கே அதிகம் தெரியும்.

ஐந்தாவது, இவற்றைத் தனி மனிதரின் வீட்டு அலங்காரமாக முடங்க விடாமல், ஒவ்வோர் ஊர் நூல்நிலையத்திலும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். யந்திரம் உரியவரிடமே இருக்கட்டும். செய்தி ஊருக்குப் பொதுவாகட்டும். பழைய பொருளுக்கு விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டு விற்க விரும்புவோரைக் குறை கூற மாட்டோம். விற்குமுன் அதன் கதையை மட்டும் இங்கே எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களை இவ்வேலையில் ஏவலாம். பொத்தானை அமுக்கி விடை பெறும் மாணவன் கைப்பிடியைச் சுற்றிப் பத்துக்குப் பத்து எப்படி ஏறுகிறது என்று கண்ணாற் கண்டால், கணிதம் அவனுக்கு மந்திரமாக இராது, புரிந்த பொருளாகும்.

காலம் அதிகமில்லை. 1965-ல் இருபது வயதில் கைப்பிடியைத் தொட்டவருக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. இரும்புக்கு அவசரமில்லை, துருவேறியும் அது இன்னும் சில பத்தாண்டுகள் கிடக்கும். நினைவுக்கு அந்த அவகாசம் கிடையாது. நமது வாசகர்களில் ஒவ்வொருவரும் தம் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரை, பாங்கி ஊழியர் ஒருவரை, கணக்குப்பிள்ளை ஒருவரை இந்த வாரமே சென்று கண்டு, "ஐயா, நீங்கள் எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?" என்று கேட்பார்களாக. அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார்களாக. புதுச்சேரிக் கணக்கருக்கு ஓர் அந்நியர் செய்ததை, நம்மவர்களுக்கு நாமே செய்து முடிக்க வேண்டாமா?